மரண அறிவித்தலுக்கு அடுத்த நிமிஷம்

— இல்லீங்கய்யா, விளம்பரம் வேணாம். மொளகாத்தூளப் பத்தி ஒரு வார்த்தையும் வேணாம். நான் பேசணும். ரேடியோவுல எங் கொரல் வரணும், அவ்வளவுதான்.

— பேச்சியம்மா, முதல்ல இருங்கோ. அந்தக் கதிரையில கிடக்கிற பேப்பர்க் கட்டைக் கீழ வையுங்கோ. படியேறி வந்த மூச்சே இன்னும் அடங்கேல்ல உங்களுக்கு.

— மூச்சு வாங்குதுங்களா எனக்கு? நெசமாவா?

— என்ன கேள்வி இது?

— சும்மா கேட்டேங்க. இப்பெல்லாம் இப்படி யார்கிட்டயாவது கேட்டுக்கிறது. சொல்லுங்க, எப்பப் பேச விடுவாங்க?

— நான் சொல்லுறதைக் கேளுங்கோ. ரேடியோ எண்டது உங்கட மஹய்யாவக் குழாயடி இல்லை, போய் நிண்டு கதைச்சுப்போட்டு வர. இருவது வரிசமா எனக்கு இதுதான் தொழில். சின்னக் கடைக்காரரின்ர சங்கதியை எழுதிப் பேப்பருக்கும் ரேடியோவுக்கும் அனுப்புறது. எழுத்து ஆரும் எழுதுவினம். நேரம்தான் என்ர சரக்கு, விளங்குதோ? ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின்ர மாதர் பக்கம் செவ்வாய் பின்னேரம் கட்டி முடிஞ்சிடும். புதன்கிழமை போற கடிதம் குப்பைக் கூடைக்கு. பௌர்ணமிப் போயா லீவுக்கு அடுத்த நாள் ஆசிரியருக்குச் செய்திப் பஞ்சம், அண்டைக்குப் போய்ச் சேர்ந்தால் படத்தோட போடுவினம்.

— தெரியுங்க. முஹைதீன் நானாவோட தையக்கடச் சங்கதி மார்கழிக் கடைசியில, பள்ளிக்கூடம் தொறக்க முந்தி. டொரதி டீச்சர் தங்கச்சி செய்யிற கிறிஸ்மஸ் கேக்கு கார்த்திக மொதக் கெழமை. என்னோடது தீவாளிக்கு ஆறு கெழமை முந்தி. பாடமாச் சொல்லுவேங்க. மூணு வருசமா ஒங்க வாயால கேட்டதுதானே.

— பிறகென்ன? இண்டைக்கு வியாழன். போன செவ்வாய் வந்திருந்தால் ஏதும் செய்திருக்கலாம். தீபாவளிக்கு இன்னும் மூண்டு கிழமைதான் கிடக்கு.

— அதாங்க. அதுக்குள்ள வரணும். தீவாளிக்கு அஞ்சு நாளுக்கு முந்தி வரணும். பிந்திப் போச்சுன்னா வீணு.

— யாவாரம் வேண்டாம் எண்டுறீங்கள். யாவாரம் வேண்டாம் எண்டால் தீபாவளி என்னத்துக்கு?

— தீவாளிக்கு அஞ்சு நாளைக்கு முந்தி எனக்கு வருசத் திதிங்க.

— என்ன சொன்னீங்கள்?

— எனக்குத்தாங்க. நீங்க அப்படிப் பாக்காதீங்க, பொய் சொல்லலங்க. எம் மகென் இருளப்பன் அங்க இந்தியாவுல, கோத்தகிரியில, எனக்கு வருசத் திதி குடுக்கப் போறான். அய்யருக்கும் சொல்லியாச்சாம். பக்கத்து லயத்து வூட்டு மூக்கையா எழுதியிருக்காரு. ஒரு வருசமா இத ஒங்ககிட்டச் சொல்லல. சொன்னா நீங்க மனசு ஒடஞ்சு போவீங்கன்னுதான் சொல்லல.

— ஒரு வரிசமாவோ?

— போன தீவாளிக்கு ரேடியோவுல எனக்காக வெச்சீங்களே ஒரு நிமிசம், அதுல இருந்துதாங்க. அந்த எழுத்து ஒங்ககிட்ட இருக்குமே. இருந்தா ஒருக்காப் படிங்க.

— அது எதுக்கு இப்ப?

— படிங்கய்யா. எதுல தப்புப் போச்சுன்னு நானும் ஒரு தடவ காதால கேட்டுக்கிறேன்.

— சரி. பொறுங்கோ. இந்தா கிடக்கு. "மடுல்கெல்லையைப் பிறப்பிடமாகவும், கண்டி மஹய்யாவவை வசிப்பிடமாகவும் கொண்ட திருமதி பேச்சியம்மா அவர்கள், தமது கையால் வறுத்து இடித்த மிளகாய்த்தூள் இந்தத் தீபாவளிக்கு எல்லா ஊர்களிலும் கிடைக்கும் என்பதை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் மகிழ்ச்சியோடு அறியத் தருகிறோம். விபரங்களுக்கு, மயில்வாகனம், கொழும்பு வீதி, கண்டி."

— பொறப்பிடமாவும், வசிப்பிடமாவும். இந்த ரெண்டு வார்த்தையக் கேட்டா, நம்ம சனம் அடுத்து என்ன வரும்னு நெனைக்கும்?

— தெரிஞ்சுதானே எழுதினனான். வேணுமெண்டுதானே எழுதினனான். பேச்சியம்மா, அந்த நிமிஷத்தை நான் எப்பிடிக் கண்டுபிடிச்சனான் எண்டு உங்களுக்குத் தெரியாது. ஒரு மாசம் பின்னேரங்களில ஒழுங்கை ஒழுங்கையா நடந்து பார்த்தனான். பாட்டுப் போகேக்க சனம் கதைக்குது. செய்தி போகேக்க சமைக்குது. மரண அறிவித்தல் தொடங்கினால் கரண்டி சட்டிக்குள்ளயே நிக்கும். குழந்தைப்பிள்ளை அழுதாலும் வாயைப் பொத்துவினம். ஆரோ எவரோ, எங்கட ஆளோ எண்டு எல்லாக் காதும் அந்தப் பெட்டியில. அது முடிஞ்சாலும் உடனை கலையாது. இன்னுமொரு நிமிஷம் அந்த அமைதி அப்பிடியே நிக்கும். வீட்டுக் கைத்தொழில் எண்டு அதுக்கடுத்து ஒரு நிமிஷச் செய்தி சொல்லுவினம், ஆரும் கேக்கிறதில்லை எண்டு அவையளுக்கே சலிச்சுப்போன நிகழ்ச்சி. நான் அந்த நிமிஷத்தைக் கேட்டு வாங்கினனான். மரண அறிவித்தலின்ர நடையிலயே எழுதிக் குடுத்தனான். அறிவிப்பாளர் வாசிச்சுப்போட்டு, "உங்களுக்கு மூளை கூடிப்போச்சு" எண்டு சிரிச்சவர்.

— நல்லாத்தாங்க போச்சு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். வெளிநாட்டு மொளகா நின்னு போய்ச் சனம் தவிச்சுக் கெடந்த நேரம். அந்தத் தீவாளிக்கு இடிச்சு இடிச்சு எனக்குத் தோள்பட்ட எறங்கிப் போச்சு. "செத்துப் பொழச்ச அம்மா தூளு" அப்படின்னு பேரு வெச்சே வாங்கிட்டுப் போனாங்க.

— பத்திரிகைக்காரரே அதை ஒரு பகிடியா எழுதினவை.

— பகிடிதான். ஆனா அன்னைக்குச் சாயந்தரம் எங்க சந்துக்குள்ள என்ன நடந்துச்சுன்னு நீங்க பாக்கலையே. நான் ஒரல்ல நிக்கிறேன். தெருவுல ஒப்பாரி வருது. யாரு செத்ததுன்னு நானும் ஒலக்கையப் போட்டுட்டு ஓடிப் போறேன். பாத்தா எஞ் சித்தி மக ரத்தினம்மா, மாரடிச்சிக்கிட்டு எம் பேரச் சொல்லி அழுதுக்கிட்டு வர்றா. என்னையக் கண்டதும் அப்படியே சாஞ்சிட்டா. மூஞ்சியில தண்ணியடிச்சுத் தூக்கி உக்கார வெச்சா, கிட்ட வராதேங்குறா என்னைய. மடுல்கெல்லையில இருந்து மறுநா காலைல ஒரு வேன் நெறைய ஆளுக வந்தாங்க. வூட்டுக்கு வரலங்க. நேரா மஹய்யாவ மயானத்துக்குப் போயி, பொணம் வரும்னு காத்துக்கிட்டுக் குந்தியிருந்தாங்க. நாந்தான் போய் அவுங்களத் தேத்தண்ணிக்கிக் கூட்டிட்டு வந்தேன்.

— அதை நீங்கள் எனக்குச் சிரிச்சுச் சிரிச்சுத்தானே சொன்னனீங்கள்.

— இங்க இருக்கிறவுங்களுக்குச் சிரிச்சு முடிச்சாச்சுங்க. என்னையத் தொட்டுப் பாத்தாங்க, தேத்தண்ணி குடிச்சாங்க, போயிட்டாங்க. கடலுக்கு அந்தாண்ட இருக்கிறவன் எதத் தொட்டுப் பாப்பான்? கப்பலேறிப் போன நம்ம ஆளுகளுக்குச் சினிமாப் பாட்டு வேணாம், ஒண்ணும் வேணாம், அந்த நேரத்துக்கு மட்டும் ரேடியோ முன்னாடி கூடிருவாங்களாம். ஊர்ல யாரு போனா, யாரு இருக்கான்னு தெரிஞ்சிக்கிற வழி அது ஒண்ணுதானே. கோத்தகிரி மல எடம். இழுத்து இழுத்துத்தான் கேக்குமாம். பொறப்பிடம், வசிப்பிடம், பேச்சியம்மா, அது வரைக்கும் கேட்டிருக்கு. அதுக்கப்புறம் கரகரன்னு போயிருச்சு போல. எழுந்திரிச்சுப் போயி ஆத்துல முழுகி மொட்ட போட்டுட்டான் எம் புள்ள.

— அப்பிடி எண்டு மூக்கையா எழுதினவரோ? ரேடியோ கரகரத்தது எண்டு?

— ரேடியோவுல கேட்டுட்டு மொட்ட போட்டான்னுதாங்க எழுதியிருந்தாரு. அந்த நேரம் அவரு வேலைக்காட்டுல. கரகரத்ததுன்னு நானாத்தான் புரிஞ்சிக்கிட்டேன். வேற எப்படிங்க நடந்திருக்கும்?

— ஓம். வேற எப்பிடி.

— பதினாறு செஞ்சான். பதினாறு முடிஞ்ச பின்னால எங் கடுதாசி போய்ச் சேருது, நான் உசுரோட இருக்கேன் ராசான்னு. எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே, டொரதி டீச்சர்தான் எழுதிக் குடுக்கும். முந்தியும் அதுதான் எழுதுச்சு. அதே கையெழுத்து. அதுக்கு மூக்கையா என்ன எழுதுறாரு தெரியுங்களா? "எழுதுறவுக உசுரோட இருக்காக, அது தெரியுது. பேச்சியக்கா இருக்காங்கிறதுக்கு இதுல என்ன இருக்கு." சரின்னு கைநாட்டு வெச்சு அனுப்புனேன். பதில் இல்ல. கட்டுகாஸ்தோட்டைக்குப் போயி ஒரு போட்டோ புடிச்சு அனுப்புனேன், நல்லாச் சிரிச்ச மாதிரி. பதில் இல்ல. ஆறு மாசம் கழிச்சு மூக்கையா எழுதுறாரு, போட்டோவுக்குச் சட்டம் போட்டு மாலை போட்டு மாட்டியிருக்கானாம். தெனம் வெளக்கு வெக்கிறானாம்.

— பேச்சியம்மா, கொஞ்சம் தண்ணி குடியுங்கோ.

— குடிச்சா ருசி தெரியுறதில்லங்க. நான் ஒண்ணு சொன்னா என்னையப் பைத்தியம்னு நெனைக்க மாட்டீங்களே? எனக்கு இப்பத் தும்மல் வர்றதில்ல. மொளகா வறுக்குறப்போ பக்கத்து வூட்ல எல்லாம் தும்முறாங்க, ஜன்னலச் சாத்துறாங்க. நான் சட்டிக்கு மேல குனிஞ்சு நிக்கிறேன், கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. முப்பது வருசமா மொளகாயோட கெடக்குறேன், இந்த ஒரு வருசமாத்தான் எனக்குக் காரமே ஏறல. அமாவாசைக்கு அமாவாசை அங்க அவென் காக்காய்க்குச் சோறு வெப்பான். அன்னைக்குப் பூரா எனக்குப் பசிக்காது. மொத ரெண்டு மூணு தடவ நாங் கவனிக்கல. அப்புறம் நாள்காட்டியப் பாக்கச் சொல்லி டொரதி டீச்சர்கிட்டக் கேட்டேன். சரியா அமாவாச. அது செபமாலையக் கையில எடுத்துக்கிச்சு.

— மனப்பிரமை அது. வேலைக் களைப்பு.

— இருக்கலாங்க. ஆனா வருசத் திதி குடுத்துட்டா முடிஞ்சுதுங்கய்யா. அது வரைக்கும்தான் செத்தவுங்க வாசலோரமா நிக்கிறது. அதுக்கப்புறம் முன்னோரோட சேத்துருவாங்க. அங்க என்னையச் சேத்துட்டா, இங்க நடமாடுறது யாரு?

— உங்களுக்கு ரேடியோவில கதைக்கக் கிடைச்சால், என்ன சொல்லுவீங்கள்?

— ரொம்ப இல்லங்க. "இருளப்பா, ஆத்தா சாகல. இது எங் கொரலு, ஒனக்குத் தெரியும். வெளக்க அணைச்சிரு. நான் வர்றேன்." அவ்வளவுதான். பாஸ்போட்டு எடுத்துட்டேங்க. இந்தா, இந்தப் பையில இருக்கு. விசாக் குத்தியாச்சு. ஒரலையும் ஒலக்கையையும் ரத்தினம்மாவுக்கே குடுத்துட்டேன். தலைமன்னாரு ரயில் கோச்சியில எந்தக் கெழமைன்னாலும் ஏறிருவேன்.

— அப்ப நேர போகலாமே. ரேடியோ எதுக்கு?

— நேராப் போயி வாசல்ல நின்னு, ரத்தினம்மா சாஞ்ச மாதிரி அவனுஞ் சாஞ்சிட்டான்னா? சின்னதுல இருந்தே அவனுக்கு நெஞ்சு பலகீனம். மொதல்ல கொரலு போகட்டும். பின்னால நான் போறேன். எதுக்கும் ஒரு நேரம் இருக்குன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க.

— இந்தக் கிழமை ஏலாது. அந்த நிகழ்ச்சியை நடத்திறவர் லீவில.

— அடுத்த கெழமை?

— அடுத்த கிழமை போயா வருது. ஒலிப்பதிவு இல்லை.

— அதுக்கடுத்தது?

— அது ஏற்கெனவே நிரம்பிப்போச்சு. இப்பெல்லாம் குரல் எடுக்கிறதெண்டால் கொழும்புக்குப் போகோணும், முன்கூட்டி எழுத்தில கேக்கோணும்.

— அய்யா, மூணு வருசத்துல நீங்க என்கிட்ட ஏலாதுன்னு சொன்னதே இல்ல. கதவச் சாத்தினா ஜன்னல்ல போடுவீங்க, ஜன்னலச் சாத்தினா கூரை ஓட்டப் பிரிப்பீங்க. இன்னைக்கு மட்டும் எல்லாக் கெழமையும் எப்படிங்க சாத்தியிருக்கு?

— சில நேரம் அப்பிடித்தான்.

— அந்தத் தடவ எப்படிச் சந்து கெடச்சுது? போன வருசம் பொரட்டாசியில இதே மேசைகிட்ட வந்து நின்னேனே, கையில அவென் கடுதாசியோட. ஞாபகம் இருக்குங்களா?

— இருக்கு. பேச்சியம்மா, அதை விடுங்கோ.

— விட மாட்டேங்க. எழுபத்து மூணுல அவென் கப்பலேறுறப்போ, "நீ போ ராசா, ஆறு மாசத்துல பின்னாலயே வர்றேன்"னு சொன்னது நானு. எனக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை இருந்துச்சு, அவனுக்கு இந்தியாதான் எழுதியிருந்துச்சு. ஆறு மாசம் ரெண்டு வருசமாச்சு. தூளு நல்லா ஓடுது, இந்தத் தீவாளி போகட்டும், இந்தப் பொங்கல் போகட்டும். அப்பத்தான் அந்தக் கடுதாசி வருது. அவென் பொஞ்சாதி புள்ளையப் பெத்துட்டு ஆசுபத்திரியில கெடக்கா, பச்சப் புள்ளையப் பாக்க ஆளில்ல, ஆத்தா ஒடனே வந்துருன்னு. அதக் கொண்டாந்துதான் ஒங்ககிட்டப் படிக்கச் சொன்னேன்.

— படிச்சனான்.

— படிச்சுட்டு என்ன செஞ்சீங்க?

— மேசையில தள்ளி வைச்சுப்போட்டு நாள்காட்டியை எடுத்தனான். தீபாவளிக்குச் சரியா ஆறு கிழமை கிடக்கு, இதைப்போல ஒரு நேரம் இனி வராது, மாதர் பக்கத்தில உங்கட படம் வரப்போகுது, ரேடியோவில நிமிஷம் கிடைச்சிருக்கு, நீங்கள் இப்ப போனால் ஆர் தூள் இடிக்கிறது எண்டு கேட்டனான். தீபாவளி முடிய அடுத்த நாளே கோச்சி ஏறுங்கோ எண்டனான்.

— நீங்க சொன்னீங்க. கேட்டது நானு. ஒங்க மேல ஒண்ணும் இல்லங்க. எம் பேரு பேப்பர்ல வரும்னதும் எனக்கு நெஞ்சு குளுந்து போச்சு. தேயிலக் கூடை சொமந்த கழுத்துங்க இது, படம் புடிக்கிறாங்கன்னதும் நிமிந்துக்கிச்சு. பச்சப் புள்ளதானே, ஆறு கெழமையில என்ன ஆயிரும்னு நெனச்சேன். மூக்கையா மொதக் கடுதாசியில ரெண்டையும் சேத்துத்தான் எழுதியிருந்தாரு. "புள்ளையுந் தவறிருச்சு, ஒங்களுக்கும் காரியம் முடிஞ்சிருச்சு"ன்னு. ஒரே வரியில.

— எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— பிள்ளை தவறினது.

— நான் ஒங்ககிட்டச் சொல்லலையே. டொரதி டீச்சரத் தவிர யாருக்கும் சொல்லலையே.

— பேச்சியம்மா, நீங்கள் இந்தியாவுக்குப் போகாதேங்கோ. ரேடியோவும் வேண்டாம். நான் சொல்லுறன், இந்த ஒரு முறை கேளுங்கோ.

— யாரு சொன்னா ஒங்களுக்கு?

— உங்கட மகன் எனக்கு ஒரு கடிதம் போட்டவர்.

— எம் மகனா? எப்பங்க?

— போன மார்கழி. தீபாவளி முடிஞ்சு ஆறாம் கிழமை. அந்த அலுமாரிக்குள்ள கிடக்கு. உங்களுக்குக் குடுக்க நினைச்சு ரெண்டு தரம் மஹய்யாவ வரைக்கும் நடந்தனான். ஒருக்கா நீங்கள் வாசல்ல நிண்டு ஆரோடையோ சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு நிண்டனீங்கள். திரும்பி வந்திட்டன்.

— எனக்குப் பதினோரு மாசமா ஒரு வரி எழுதல. ஒங்களுக்கு எழுதுனானா? அவென் ஒங்களக் கண்டதே இல்லையே. ஒங்க விலாசம் அவனுக்கு எப்படிங்க தெரியும்?

— ரேடியோவில சொன்னதுதானே.

— எங்க சொன்னாங்க?

— கடைசி வரியில. இப்பதானே வாசிச்சுக் காட்டினனான்.

— கடைசி வரியிலயா?

— ஓம்.

— மொளகாத்தூளுக்கும் அங்கிட்டு?

— ஓம், அதுக்கும் பிறகு.

— அப்போ ரேடியோ கரகரக்கல.

— இல்லை, பேச்சியம்மா.

— எடுங்க அத. எடுத்துப் படிங்க.

— வேண்டாம். எழுதின அவரே உங்களிட்டச் சொல்ல வேண்டாம் எண்டு கேட்டிருக்கிறார்.

— எனக்கு எழுத்துத் தெரிஞ்சிருந்தா இது ஒரு வருசம் இந்த அலுமாரிக்குள்ள கெடந்திருக்காதுங்க. படிங்கய்யா. ஒரு வார்த்தையும் விடாமப் படிங்க.

— "கண்டி மயில்வாகனம் அய்யா அவர்களுக்கு, கோத்தகிரியில் இருந்து இருளப்பன் எழுதுவது. உங்கள் அறிவித்தலை முழுவதும் கேட்டேன். அன்று காலையில்தான் என் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தேன். நாற்பத்தாறு நாள் பிள்ளை. சாயந்தரம் யாரோ ரேடியோவைத் திருப்பினார்கள். எங்க அம்மா பேர் வந்தது. பிறப்பிடம், வசிப்பிடம் என்று சொன்னதும், அம்மா செத்துப்போச்சு, அதனால்தான் வரவில்லை என்று நினைத்தேன். சொன்னால் வெட்கம், அய்யா, எனக்கு அந்த நேரம் மனசு ஆறிப்போச்சு."

— நிறுத்தாதீங்க.

— "அதற்குப் பிறகு மிளகாய்த்தூள் என்று சொன்னார்கள். எழுந்து ஆற்றுக்குப் போய்விட்டேன். ஆத்தா செத்ததால்தான் வரவில்லை என்றால் என்னால் அழ முடியும். விளக்கு வைக்க முடியும். உயிரோடு இருந்தும் வரவில்லை என்றால் அந்தப் பொம்பளையை நான் என்ன செய்வேன்? வெறுக்கத்தான் வேண்டும். எனக்கு அது முடியாது. அதனால் நான் முதல் பாதியோடு நின்றுகொள்கிறேன். இதை அவர்களிடம் சொல்ல வேண்டாம். கடுதாசி போட வேண்டாம் என்று மட்டும் எப்படியாவது சொல்லுங்கள். ஒவ்வொரு கடுதாசி வரும்போதும் நான் மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கிறது." அவ்வளவுதான். கையெழுத்து.

— புள்ளைக்குப் பேரு வெச்சிருந்தாங்களாமா? எழுதியிருக்கா?

— இல்லை. அது எழுதேல்ல.

— ஆம்பளப் புள்ளதாங்க.

— பேச்சியம்மா, இது என்ர பிழை. நான் அவருக்கு ஒரு கடிதம் எழுதுறன். உங்களை மறிச்சது நான்தான் எண்டு எழுதுறன். அண்டைக்கு நான் அந்த நாள்காட்டியை எடுக்காமல் இருந்திருந்தால் நீங்கள் அடுத்த கோச்சியிலேயே போயிருப்பீங்கள் எண்டு எழுதுறன். அவர் விளங்கிக்கொள்ளுவார்.

— போயிருப்பேனாங்க?

— போயிருப்பீங்கள்.

— எனக்குத் தெரியலங்க. ஒரு வருசமா அதத்தான் யோசிக்கிறேன். கடுதாசி எழுதாதீங்க. இன்னொன்னு போய்ச் சேந்தா அவென் மறுபடி மொதல்ல இருந்து தொடங்கணுமே.

— அப்ப உங்கட பாஸ்போட்டு? விசா?

— அந்தப் பைய நீங்களே உள்ள வெச்சிருங்க, அந்தக் கடுதாசியோட. அய்யா, நான் ஒண்ணு கேக்குறேன். உசுரோட இருக்கிறவளுக்குத் தெரிஞ்சே திதி குடுத்தா, அந்தத் தோசம் யாரப் புடிக்கும்?

— எனக்கு உந்த விஷயங்கள் தெரியாது.

— எனக்குத் தெரியுங்க. குடுக்குறவனத்தான் புடிக்கும். அது தெரிஞ்சுதான் எனக்கு வெளக்கு வெக்கிறான் அவென். இன்னைக்குக் கொழும்புக்குத் தபால் இருக்குங்களா?

— மூண்டரைக்கு இருக்கு. இப்ப எழுதினால் பிடிக்கலாம். தீபாவளிக்கு முதல் உங்கட குரல் போகோணும் எண்டால் நானே கொழும்புக்குப் போய் நிண்டு கேக்கிறன். ஏலாது எண்டு சொன்னது பொய். நேரம் கிடக்கு, பேச்சியம்மா. அந்த நிமிஷத்தை நான் திரும்பவும் எடுத்துத் தாறன்.

— கொரலு வேணாங்க. போன வருசம் எழுதுன மாதிரியே எழுதுங்க, பொறப்பிடம், வசிப்பிடம், எம் பேரு, அதோட நிப்பாட்டிருங்க. அடுத்த நிமிசத்துல வெக்காதீங்கய்யா, மரண அறிவித்தலுக்குள்ளயே வெச்சிருங்க.